மடியில் கொஞ்சம் கனம்: சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு எடைப்பை

எடைப்பை பெரிய கருவி ஒன்றும் இல்லை. துணிப்பைக்குள் மணலோ விதையோ நிரப்பி, கட்டம் கட்டமாகத் தைத்து, உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மடிமேல் வைப்பது. இதே எண்ணத்தில் எடைப் போர்வை, எடை அங்கி, தோளில் போட்டுக்கொள்ளும் பட்டை, கனமான பொம்மை என்று பல பொருள்கள் வந்துவிட்டன. இணையத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர் கைப்பேசியில் படத்தைக் காட்டி, "இத வாங்கிக் கொடுத்தா புள்ள ஒரு எடத்துல உக்காருமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள்.

சில பிள்ளைகள் உட்காருவார்கள். சிலர் தூக்கி எறிவார்கள். உட்கார வைப்பதற்காக மட்டும் வைத்தால் அது பையாக இருக்காது, கயிறாகிவிடும். இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இக்கட்டுரை. விலைக்கு வாங்காமல் பள்ளியிலேயே எப்படிச் செய்வது, யாருக்கு வைப்பது, எப்போது எடுத்துவிடுவது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இதில் பணயமாக இருப்பது குழந்தையின் பள்ளி நேரம். கத்துகிறான், ஓடுகிறான், மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போன் போகிறது. அம்மா நூறுநாள் வேலையைப் பாதியில் விட்டு வந்து கூட்டிக்கொண்டு போகிறார். இப்படி வாரத்துக்கு மூன்று நாள் நடந்தால், அடுத்த ஆண்டு அந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வகைப்படுத்தும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அவரவர் தேவைக்கு ஏற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. மடியில் வைக்கும் ஒரு கிலோ பை அப்படிப்பட்ட ஒரு சிறிய வசதி.

அழுத்தம் ஏன் இதமாகிறது

தூளி கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அழுகிற குழந்தையைத் தூளியில் போட்டால், பழைய சேலை நான்கு பக்கமும் அதன் உடம்பை ஒட்டிப் பிடிக்கிறது. ஆட்டுவதற்கு முன்பே பாதி அழுகை நின்றுவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டி மெல்ல வருடுவதில்லை, அழுத்தித்தான் நீவுவார்.

தோலில் படும் மெல்லிய உரசலும், தசைக்கும் மூட்டுக்கும் போய்ச் சேரும் ஆழமான அழுத்தமும் ஒன்றல்ல. மெல்லிய தொடுதல் நம்மை உஷார்ப்படுத்தும். கழுத்தில் ஈ உட்கார்ந்தால் திடுக்கிடுகிறோமே, அது போல. ஆழமான, நிதானமான அழுத்தம் பலருக்கு உடம்பைத் தளர்த்துகிறது. தன் கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வையும் அது தெளிவாக்குகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபி வல்லுநர் ஜீன் அயர்ஸ் 1972இல் வெளியிட்ட நூலில், புலன்களிலிருந்து வரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்துவதில் சில குழந்தைகளுக்கு இருக்கும் சிரமத்தை விரிவாக எழுதினார். எடை அங்கியும் எடைப்பையும் வகுப்பறைக்குள் வந்தது அந்த வழியில்தான்.

இன்னொருவர் டெம்பிள் கிராண்டின். 1947இல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர், பின்னாளில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கறிவியல் பேராசிரியர். பதின்வயதில் அரிசோனாவில் உறவினர் ஒருவரின் பண்ணைக்குப் போயிருந்தபோது, தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை நிறுத்தும் கூண்டைப் பார்த்தார். நம் கால்நடை மருந்தகங்களில் இருக்கும் கம்பிச் சட்டம் போன்றதுதான். ஆனால் இரு பக்கப் பலகைகளும் மாட்டின் விலாவை அழுத்திப் பிடிக்கும். மிரண்டு வந்த மாடுகளில் சில அந்த அழுத்தத்தில் அடங்கி நிற்பதைக் கண்டு, தனக்கு ஒன்று செய்துகொண்டார். பதற்றம் வரும்போது அதற்குள் போய்ப் படுப்பார். 1992இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கருவியின் விசை அவர் கையிலேயே இருந்தது என்பதை. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதை அவரே முடிவு செய்தார். மாட்டுக்கு அந்த வசதி இல்லை.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் சொல்லவில்லை. 2014இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. ஆட்டிசமும் தூக்கப் பிரச்சினையும் உள்ள 67 குழந்தைகளுக்குச் சில நாள் எடைப் போர்வையும் சில நாள் சாதாரணப் போர்வையும் கொடுத்துப் பார்த்தார்கள். தூங்கிய நேரம் கூடவில்லை. ஆனால் குழந்தைகளும் பெற்றோரும் எடைப் போர்வையையே விரும்பினார்கள். எடை அங்கி பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை 2009இல் தொகுத்துப் பார்த்தவர்கள், பள்ளிகளுக்குப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். மனநலச் சிக்கலோடு தூக்கமின்மையும் உள்ள 120 பெரியவர்களிடம் சுவீடனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் எடைப் போர்வை நல்ல பலன் தந்தது. அது பெரியவர்களுக்கு, அதுவும் இரவுத் தூக்கத்துக்கு.

ஆகவே, எடைப்பையால் ஆட்டிசம் குறையும், பேச்சு வரும், மதிப்பெண் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு குழந்தைக்கு அது பிடித்திருக்கிறதா, அதனால் பத்து நிமிடம் நிம்மதியாக இருக்கிறதா என்பதை அந்தக் குழந்தையிடம்தான் பார்க்க முடியும்.

கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 2008இல் நடந்ததையும் எழுதியே ஆக வேண்டும். ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவனை அமைதிப்படுத்துவதற்காகப் பள்ளியில் எடைப் போர்வையில் சுற்றிக் கிடத்தியிருக்கிறார்கள். அவனால் வெளியே வர முடியவில்லை. மூச்சு முட்டி இறந்துபோனான். இதமாக இருக்கும் என்று நினைத்துச் செய்ததுதான். போர்வை அவனைவிட வலுவாக இருந்தது, அருகில் இருந்து யாரும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

பள்ளிக்குப் போர்வை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊர் வெயிலும் அதையே சொல்கிறது. பங்குனியில் வகுப்பறைக்குள் போர்வை போர்த்தினால் அமைதியான பிள்ளையும் கத்தும். மடியில் வைக்கும் பை போதும். குழந்தை எழுந்து நின்றாலே அது கீழே விழுந்துவிடும். அதுதான் அதன் சிறப்பு.

யாருக்கு, யாருக்கு இல்லை

அழுத்தத்தைத் தேடும் குழந்தை அதை ஏற்கெனவே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே போய் ஒடுங்கும். சுருட்டி வைத்த பாய்களுக்கு அடியில் நுழையும். புத்தகப்பையை இறக்காமல் முதுகிலேயே வைத்திருக்கும். மற்றவர்மேல் சாயும், இறுக்கிக் கட்டிப்பிடிக்கும். என் வகுப்பில் ஒரு மாணவனைப் பற்றி அவன் அப்பாயியிடம் கேட்டபோது, "வீட்டுல பருத்தி மூட்டைக்கு நடுவுல போயி நொழஞ்சுக்குவான் டீச்சர். அங்கன கெடந்தா சத்தமே வராது" என்றார். படிவத்தில் நான் நிரப்பிய இரண்டு பக்கத்தைவிட அந்த ஒரு வரி பயன்பட்டது. பெற்றோரிடம் "என்ன குறைபாடு?" என்று கேட்பதோடு, "வீட்டில் எங்கே இருந்தால் அமைதியாக இருக்கிறான்?" என்றும் கேளுங்கள்.

எல்லாப் பதற்றமும் புலன் சார்ந்தது அல்ல. பேச்சு வராத குழந்தைக்குக் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், பசி, சிறுநீர் அவசரம் எதுவும் கத்தலாகத்தான் வெளிப்படும். புதிதாகத் திடீரென்று தொடங்கிய அழுகைக்கு எடைப்பையைத் தேடாமல் முதலில் உடம்பைப் பாருங்கள். காரணம் வெளியிலும் இருக்கலாம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரப் பள்ளி என்றால், ஏர்ஹாரன் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலியைத் தாங்காத குழந்தைக்கு அடி விழுவது போலத்தான். அந்தப் பிள்ளையைச் சாலைப் பக்கச் சன்னலிலிருந்து மாற்றி உட்கார வைப்பதற்குப் பை தேவையில்லை.

மூச்சுத் தொல்லை, இதய நோய், வலிப்பு, தசைத் தளர்ச்சி, மூளை முடக்குவாதம், தோலில் புண், முதுகுத்தண்டுக் கோளாறு ஆகியவை உள்ள குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எடை எதுவும் வைக்கக் கூடாது. உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் பள்ளிக்கு வரும் நாளில் குழந்தையைக் காட்டிக் கேளுங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கும் அவர்கள் வழியாக அனுப்பலாம். பெற்றோர் சம்மதம், தலைமையாசிரியருக்குத் தகவல் இரண்டும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பையைச் செய்வது

பொதுவாகக் குழந்தையின் எடையில் 5 முதல் 10 விழுக்காடு என்பார்கள். கீழ் அளவிலேயே தொடங்குவது நல்லது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 1 கிலோ. ஒப்பிட்டுப் பார்க்க: 2020ஆம் ஆண்டு தேசியப் பள்ளிப்பைக் கொள்கை, முதுகில் சுமக்கும் பை உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மடிப்பை அதற்கு மேல் போக எந்தக் காரணமும் இல்லை. (செலவில்லாமல் சோதித்துப் பார்க்க, குழந்தையின் புத்தகப்பையையே ஐந்து நிமிடம் அதன் மடியில் வைத்துப் பாருங்கள். பிடிக்கிறதா என்று அப்போதே தெரியும்.)

துணிக்கு அம்மாவின் பழைய பருத்திச் சேலையே சிறந்தது. மென்மை, காற்றோட்டம், பழகிய வாசனை மூன்றும் அதில் உண்டு. 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலத்தில் இரட்டைத் துணியாக வெட்டி, எட்டுக் கட்டங்களாகத் தைக்க வேண்டும். கட்டம் இல்லையென்றால் எடை முழுவதும் ஒரு மூலைக்குப் போய்விடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் 100 கிராம். எட்டுக்கு 800 கிராம். துணியும் உறையும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தராசைக் கொடுத்து 100 கிராம் நிறுக்கச் சொன்னால் அளவைகள் பாடமும் நடந்துவிடும். மேலே ஓர் உறை, தலையணை உறைபோல மடித்துச் செருகுவதாக. சிப், பொத்தான், மணி எதுவும் வேண்டாம், கடித்து விழுங்கிவிடுவார்கள்.

உள்ளே நிரப்புவதில்தான் நம் ஊர் அறிவு தேவை. கழுவிக் காயவைத்த ஆற்று மணல் நல்லது, ஆனால் பருத்தித் துணியில் கசியும். ஆகவே சிறு பாலித்தீன் உறைகளில் அடைத்து ஒட்டி உள்ளே வைக்க வேண்டும். புளியங்கொட்டை கனமாகவும் வழவழப்பாகவும் இருக்கும், தடவிப் பார்க்கவும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஈரம் பட்டால் ஊறிவிடும் என்பதால் உறையை மட்டும் துவைக்க வேண்டும். மக்காச்சோளம் இரண்டு மாவட்டத்திலும் எளிதில் கிடைக்கும். ஆனால் வண்டு விழும், மூன்று மாதத்தில் பையிலிருந்து மாவு கொட்டும். பருத்திக்கொட்டையில் எண்ணெய் வாடை. மாட்டுத் தீவன வாசனையைத் தாங்காத பிள்ளைகள் உண்டு.

கூடவே கூடாதவை சில. முந்திரி ஓடு வேண்டாம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். ஆமணக்குக் கொட்டையும் குன்றிமணியும் நஞ்சு. தையல் விட்டுப்போய் ஒன்று வாய்க்குள் போனாலும் ஆபத்து. சிமெண்டு, சுண்ணாம்புத் தூள் வியர்வையில் நனைந்தால் தோலை அரிக்கும்.

எங்கள் பையை ஒரு மாணவியின் அம்மா தைத்துக் கொடுத்தார். மீந்த துணியில் தலையும் நாலு காலும் வைத்து ஆமையாக்கிவிட்டார். அதன்பிறகு அதை யாரும் எடைப்பை என்று சொல்லவில்லை. ஆமை என்றால் வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

வகுப்பில்

கத்தல் உச்சத்தில் இருக்கும்போது பையைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் குழந்தைக்கு வேண்டியது குறைந்த ஒலி, குறைந்த பேச்சு, கொஞ்சம் இடம். பையின் நேரம் அதற்கு முன்பு. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பாட்டும் கைதட்டலுமாக அரைமணி நேரம் போன பிறகு, படிக்க உட்காரும் வேளை அதற்குப் பொருத்தமானது. பையை அருகில் வைத்து, "ஆமை வேணுமா?" என்று கேளுங்கள். பேச்சு வராத பிள்ளை கை நீட்டும், அல்லது படத்தைத் தொட்டுக் காட்டும். தள்ளினால் எடுத்துவிடுங்கள், வற்புறுத்தல் வேண்டாம். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் போனால் உடம்பு அந்த எடைக்குப் பழகிவிடும். எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கொடுக்கலாம். முகம், கழுத்து, மார்புமேல் வைப்பதோ, தூங்கும் குழந்தைமேல் வைப்பதோ, துண்டால் சேர்த்துக் கட்டுவதோ எக்காரணம் கொண்டும் கூடாது. "ஒழுங்கா இல்லேன்னா ஆமையை வச்சிருவேன்" என்று ஒருமுறை சொன்னாலும் அதன் பயன் அன்றோடு போச்சு. நாற்காலியோடு கட்டி உட்கார வைக்கும் வழக்கம் எங்கோ இன்னும் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆவது பிரிவு தடுக்கும் உடல் தண்டனை, மன உளைச்சல் இரண்டும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. எடைப்பையை அந்தக் கயிற்றின் நாகரிகமான வடிவமாக ஆக்கிவிடக் கூடாது.

பயன் இருக்கிறதா என்று அறிய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மூன்று பத்தி: என்ன நடந்தபோது பதற்றம் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் தணிந்தது. முதல் வாரம் பை இல்லாமல் எழுதுங்கள், அடுத்த இரண்டு வாரம் பையோடு. மேலே சொன்ன மாணவனின் நோட்டில் பையைவிட முக்கியமான ஒன்று தெரிந்தது. படிக்கும் வேளையில் ஆமை மடியில் இருந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவன் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்தான், உண்மைதான். ஆனால் அவனுடைய பெரிய கத்தல்கள் எல்லாம் மதிய உணவு மணிக்குப் பக்கத்திலேயே இருந்தன. எவர்சில்வர் தட்டுகளின் சத்தம். ஐந்து நிமிடம் முன்னதாக அவனைக் கைகழுவ அனுப்பி, வரிசையின் முதல் ஆளாகச் சாப்பிட வைத்ததும் அது பெரிதும் குறைந்தது. பை இல்லாமல் தீர்ந்தது. பைக்காக எழுதிய நோட்டால் தீர்ந்தது.

இன்னொரு மாணவி ஆமையைத் தொடவே இல்லை. அவளுக்கு அசையாமல் கிடக்கும் எடை பிடிக்கவில்லை. சுமக்கும் எடை பிடித்தது. நோட்டுக் கட்டைத் தலைமையாசிரியர் அறைக்குத் தூக்கிப் போவது, பாய்களைச் சுருட்டி அடுக்குவது, செடிக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோவது, இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுவது. தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுக்கும் எதுவும் இதே வேலையைச் செய்கிறது, செலவும் இல்லை. அந்த மாணவிக்கு வகுப்பில் ஒரு பொறுப்பும் கிடைத்தது. எனக்கு இந்த வழிதான் எடைப்பையைவிடப் பிடித்திருக்கிறது. ஆனால் நடக்க முடியாத பிள்ளைக்கும், மழைநாளில் அறைக்குள் அடைபட்ட வகுப்புக்கும் இது பொருந்தாது.

"எனக்கும் வேணும் டீச்சர்" என்ற குரல் முதல் நாளே வரும். மறுக்காதீர்கள். வரிசையாக எல்லார் மடியிலும் இரண்டு நிமிடம் வையுங்கள். ஒரு வாரத்தில் ஆர்வம் தணிந்துவிடும். யாருக்கு உண்மையில் தேவையோ அவர்கள் மட்டும் கேட்பார்கள். பெயர்ப் பட்டியலில் இல்லாத ஒரு பிள்ளை தொடர்ந்து கேட்டால், அதையும் நோட்டில் குறித்துச் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கும் ஒன்று தைத்துக் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். சாப்பிடும்போதும் எழுதும்போதும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, மடியில் மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். இரவில் போர்த்தி விடுவதற்கு இல்லை என்பதை அம்மாவிடம் மட்டும் சொன்னால் போதாது, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியிடமும் நேரில் சொல்ல வேண்டும்.

வாரம் ஒருமுறை தையலை இழுத்துப் பாருங்கள், உறையைத் துவையுங்கள். பிள்ளை வளர வளர எடையை மறுபடி கணக்கிடுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும்போது, மாற்றுச் சான்றிதழோடு பையையும் அந்த நோட்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியர் முதல் வாரத்தில் படிக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.